டிஷ்வாஷரில் நாற்றமா? கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. மழைநீர்ச் சேகரிப்பு, உயில் எழுதுவது என்று பெரிய தலைப்புகள் பேசிய மேடையில் டிஷ்வாஷர் நாற்றம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் சமையல் என் மனைவியின் இலாகா, டிஷ்வாஷர் என் இலாகா. அந்த அனுபவமும், கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் பழைய வங்கிப் புத்தியும்தான் என் தகுதி.

இதை ஏன் இவ்வளவு பேரைக் கூட்டிவைத்துப் பேச வேண்டும்? இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு யாரும் வர முடியாமல் போனபோது நம்மில் பல வீடுகளில் இந்த மெஷின் வந்தது. சிலருக்கு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள். கை மூட்டு வலி உள்ளவர்களுக்கும், சிங்க் முன்னால் அரைமணி நேரம் நிற்க முடியாதவர்களுக்கும் அது ஆடம்பரம் இல்லை, ஊன்றுகோல் மாதிரி. அப்படிப்பட்ட மெஷின், நாற்றம் என்ற ஒரே காரணத்தால் சில வீடுகளில் இன்று தட்டு அடுக்கும் அலமாரியாகிவிட்டது. வலி இருக்கிறவர்கள் மறுபடியும் சிங்க் முன்னால் நிற்கிறார்கள். இடையில், “அந்தம்மா சரியா அடுக்கல” என்று வேலைக்கு வருகிறவர் மேல் பழி வேறு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். சென்ற மாதம் லிஃப்டில் ஒரு சகோதரி கேட்டார், “அங்கிள், நாத்தம் தாங்கல. பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்த்துப் போட்டு ஓட விட்டுடலாமா?” வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். ஆனால் லிஃப்டில் சொன்னது ஒருவருக்குத்தான் போய்ச் சேரும். ஏன் கூடாது என்பதைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறேன். கூட்டம் முடியும் முன்பு எழுந்து போகிறவர்கள் அந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் கண்டுபிடி, பிறகு ஊற்று

வங்கியில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? பத்து ரூபாய் குறைகிறது என்றால் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. எந்த வவுச்சரில் உதைக்கிறது என்று தேடுவோம். வித்தியாசம் ஒன்பதால் மீதமில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கிளார்க்குகளுக்குத் தெரியும். 54 என்பதை 45 என்று எழுதியிருப்பார்கள். அதாவது வித்தியாசத்தைப் பார்த்தாலே எங்கே தேட வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

டிஷ்வாஷர் நாற்றமும் அப்படித்தான். என்ன மாதிரி நாற்றம் என்று கவனித்தால், அது எங்கிருந்து வருகிறது என்று பாதி தெரிந்துவிடும். இதை விட்டுவிட்டு எலுமிச்சை வாசனை வில்லையை உள்ளே தொங்கவிடுவது, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிடுவது போல. இன்றைக்குத் தப்பிக்கலாம், ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம்.

உள்ளே தேய்ப்பவர் யாரும் இல்லை

இந்த மெஷின் எப்படிக் கழுவுகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரன் என்ற பெண்மணி 1886-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மெஷின்கள் ஓடின. பாத்திரத்தைத் தேய்ப்பதற்குப் பதிலாகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம் என்பது அவர் மெஷினின் அடிப்படை. இன்றைக்கும் அதேதான். சூடான தண்ணீர், அதன் வேகம், சோப்பு என்ற மூன்றும்தான் வேலை செய்கின்றன. நார் போட்டுத் தேய்க்கும் கை உள்ளே கிடையாது.

அதனால் தண்ணீர் நேராகப் போய் அடிக்காத இடம் எதுவோ, அது கழுவப்படுவதே இல்லை. கதவின் அடி விளிம்பு, ரப்பர் கேஸ்கட்டின் மடிப்பு, ஃபில்டரின் உள்பக்கம், அதற்குக் கீழேயுள்ள குழி ஆகியவை அப்படிப்பட்டவை. தினமும் ஒரு டன் பாத்திரம் கழுவினாலும் இந்த நான்கு இடங்களும் அப்படியே இருக்கும். “கழுவுகிற மெஷினைக் கழுவ வேண்டுமா?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்று. ஓடி முடிந்த பிறகும் அடிக்குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது பழுதல்ல. மெஷினின் அமைப்பே அப்படி. அந்தத் தண்ணீரில் என்ன ஊறுகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஐந்து விதமான நாற்றம்

ஒன்று, புளித்த அல்லது அழுகிய நாற்றம். ஃபில்டரில் சோறும் மாவும் கறிவேப்பிலையும் சிக்கியிருக்கின்றன என்று அர்த்தம். குறிப்பாக இட்லி மாவு. அது பாத்திரத்தில் எப்படிப் பொங்குமோ, அப்படியே ஃபில்டரிலும் வேலையைத் தொடரும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு ராத்திரி போதும்.

இரண்டு, கவுச்சி. மீன், முட்டை, இறைச்சிப் பாத்திரங்களில் உள்ள புரதமும் கொழுப்பும் மெல்லிய படலமாக உள்ளே படிந்திருக்கிறது. குறைந்த சூட்டில் ஓடும் சிக்கன புரோகிராமையே மாதக்கணக்காகப் போட்டால் இது வரும்.

மூன்று, ஈரத்துணியை மடித்து வைத்தது போன்ற முடை நாற்றம். கழுவி முடிந்ததும் கதவை இறுக மூடி வைப்பதும், கேஸ்கட் மடிப்பில் பூஞ்சணம் பிடிப்பதும் காரணம்.

நான்கு, சாக்கடை நாற்றம். இது பெரும்பாலும் மெஷினின் நாற்றமே இல்லை. கழிவு ஹோஸ் போய்ச் சேரும் குழாயிலிருந்து திரும்பி வருவது. உள்ளே எதை ஊற்றினாலும் போகாது.

ஐந்து, பிளாஸ்டிக் கருகுவது போன்ற வாடை. இதைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள். ஓடும்போது வந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள். பல மெஷின்களில் ஹீட்டர் அடியில் வெளியே தெரியும்படி இருக்கும். சின்ன டப்பா மூடி அதன் மேல் விழுந்திருக்கலாம். ஆறிய பிறகு பாருங்கள். மூடி எதுவும் இல்லை, வாடை மட்டும் வருகிறது என்றால் மின்சாரக் கோளாறாக இருக்கலாம். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை போடாதீர்கள்.

கையால் செய்ய வேண்டிய வேலை

முதல் மூன்று வகை நாற்றத்துக்கும் வழி ஒன்றுதான். முக்கால் மணி நேரம் போதும். தேவையானவை: ரப்பர் கையுறை, பழைய டூத் பிரஷ், ஒரு பல்குச்சி, இரண்டு பழைய துணி, ஒரு ஸ்பூன், பாத்திரம் துலக்கும் சாதாரண சோப்புத் திரவம்.

சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். மெஷின் அப்போதுதான் ஓடி முடிந்திருந்தால் அரைமணி நேரம் ஆற விடுங்கள். கீழ்த்தட்டை முழுவதும் வெளியே இழுத்துவிடுங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம்.

அடியில் நடுவிலோ ஓரத்திலோ டம்ளர் போல ஒன்று தெரியும். அதுதான் ஃபில்டர். பெரும்பாலான மெஷின்களில் இடப்பக்கம் திருகினால் மேலே வந்துவிடும். அதனுடன் ஒரு தட்டையான எவர்சில்வர் சல்லடையும் வரும். இரண்டையும் குழாயடியில் காட்டி, சோப்புப் போட்டு டூத் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம், சல்லடை கிழிந்துவிடும். சல்லடையில் நெய்ப் பிசுக்கு இருந்தால் கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் சோப்புக் கலந்து பத்து நிமிடம் ஊற வையுங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கண்ணெல்லாம் திறந்திருக்கிறதா என்று தெரியும்.

இப்போது ஃபில்டர் இருந்த குழியைப் பாருங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், உடைந்த கண்ணாடித் துண்டு இருக்கலாம். கையுறையுடன், ஸ்பூனால் கசடை எடுங்கள். நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். புளிச்சக்கை, முருங்கை நார், எலுமிச்சை விதை, பாட்டில் லேபிள் எல்லாம் கிடைக்கும். அதைப் பார்த்த பிறகு நாற்றம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, தண்ணீர் பீய்ச்சும் இரண்டு கைகள். கீழ்க்கை பெரும்பாலும் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். மேல்கைக்கு ஒரு திருகு இருக்கும். மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டில் படம் உண்டு. வராவிட்டால் பலம் காட்ட வேண்டாம், இருந்த இடத்திலேயே சுத்தம் செய்யலாம். ஒவ்வொரு துளையையும் பல்குச்சியால் குத்தி விடுங்கள். கழற்ற முடிந்தால் குழாயடியில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் ஏதோ மாட்டியிருக்கிறது. துளை அடைத்தால் தண்ணீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பாத்திரத்தில் பிசுக்கு நிற்கும், பிசுக்கு நின்றால் நாற்றம் வரும்.

பிறகு கேஸ்கட். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி, மடிப்பை விரித்து விரித்துத் துடையுங்கள். கதவை முழுக்கத் திறந்து அதன் அடி விளிம்பையும் துடையுங்கள். தண்ணீர் எட்டாத அந்த இடத்தில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படிவு இருக்கும். முடை நாற்றத்தில் பாதி அங்கேதான். சோப்பு போடும் சின்னப் பெட்டி, ஸ்பூன் கூடை ஆகியவற்றையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது ஃபில்டர் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று கட்டாயம் பாருங்கள். ஃபில்டர் ஆடினால் கடுகு முதல் கண்ணாடித் துண்டு வரை எல்லாம் பம்புக்குள் போகும். பம்பு போனால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். பீய்ச்சும் கைகளை விரலால் சுற்றிப் பார்த்து, எதிலும் இடிக்காமல் சுழல்கிறதா என்றும் பாருங்கள்.

கொழுப்புக்குக் காரம், உப்புக்கறைக்கு அமிலம்

கைவேலை முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத படலம் இன்னும் இருக்கிறது. அது இரண்டு வகை. ஒன்று கொழுப்பு. மற்றொன்று தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு படிந்த வெள்ளைக்கறை. இந்தக் கறை சொரசொரப்பாக இருப்பதால் பிசுக்கு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

கொழுப்புக்குக் காரம் வேண்டும். மிளகாய்க் காரம் இல்லை, சோடா, சோப்பு வகையிலுள்ள காரம். நீங்கள் வழக்கமாகப் போடும் டிஷ்வாஷர் பவுடரோ மாத்திரையோ அதுதான். பாத்திரம் எதுவும் வைக்காமல், அதைப் போட்டு, மெஷினில் உள்ளதிலேயே அதிகச் சூடான புரோகிராமை ஒருமுறை ஓட விடுங்கள். பல மெஷின்களில் இது 65 முதல் 70 டிகிரி வரை போகும். சிக்கன புரோகிராம் 50 டிகிரியை ஒட்டித்தான் ஓடும். நெய்யும் வனஸ்பதியும் அந்தச் சூட்டில் உருகினாலும், முழுவதும் வெளியேறாமல் குழாயிலும் குழியிலும் படிந்து ஆறியதும் திரும்ப உறையும். வாரம் முழுவதும் சிக்கனமாக ஓட்டுங்கள், தவறில்லை. வாரத்தில் ஒருநாள், எண்ணெய்ப் பாத்திரம் அதிகமுள்ள நாளில், சூடான புரோகிராம் போடுங்கள்.

உப்புக்கறைக்கு அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். சோப்புப் பெட்டி கொள்ளும் அளவு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி போட்டு மூடி, சோப்பு இல்லாமல், பாத்திரம் இல்லாமல் சூடான புரோகிராம் ஓட்டுங்கள். வினிகரை டம்ளரில் ஊற்றி மேல்தட்டில் வைக்கலாம் என்று சொல்வார்கள். அதிலுள்ள சிக்கல், முதல் அலசலிலேயே அது கலந்து வெளியே போய்விடும், முக்கியமான கழுவலுக்கு மிஞ்சாது. மேலும் அடிக்கடி வினிகர் ஊற்றினால் ரப்பருக்கு நல்லதல்ல என்று பல கையேடுகள் சொல்கின்றன. பெட்டியில் போட்ட சிட்ரிக் ஆசிட், பெட்டி திறக்கும் நேரத்தில்தான் கலக்கும். கடையில் விற்கும் டிஷ்வாஷர் கிளீனரும் நல்லதே, பாட்டிலில் எழுதியபடி பயன்படுத்துங்கள்.

கவுச்சிக்கும் இந்த அமிலச் சுற்று உதவும். மீன் வாடையைத் தரும் பொருள் காரத்தன்மை உள்ளது. அமிலம் பட்டால் அது காற்றில் எழும்பாத உப்பாக மாறிவிடும். மீன் குழம்பில் புளி சேர்ப்பதும், மீன் கழுவிய கையில் எலுமிச்சை தேய்ப்பதும் இதனால்தான். நம் பாட்டிமார்களுக்கு வேதியியல் பெயர் தெரியாது, வேலை தெரியும். ஆனால் அதற்காகப் புளியைக் கரைத்து மெஷினில் ஊற்றாதீர்கள். எலுமிச்சைத் தோலையும் போடாதீர்கள். சக்கை நேராக ஃபில்டருக்குப் போகும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி, நுரை பொங்குவதைப் பார்த்து “வேலை செய்கிறது” என்று மகிழ்கிறோம். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. வரவும் செலவும் கழிந்து கையில் பூஜ்யம். தனித்தனியாகப் போட்டால் இரண்டுக்கும் பலன் உண்டு. சோடாவை ஒரு ராத்திரி அடியில் தூவி வைத்தால் வாடையைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அது கசடை எடுக்காது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இப்போது லிஃப்ட் கேள்விக்கு வருகிறேன். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ எந்த அமிலத்துடன் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். வினிகர், சிட்ரிக் ஆசிட், கழிப்பறை கழுவும் ஆசிட் எல்லாமே அமிலங்கள்தான். 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே எதிரிப் படைமீது ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுதான். மூடிய மெஷினுக்குள் சூட்டுடன் அது உண்டாகி, நீங்கள் கதவைத் திறந்து குனிந்து முகத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள் இருக்கும் வீடுகள் நம்முடையவை.

சேர்க்காமல் பிளீச்சை மட்டும் ஊற்றலாமா? அதுவும் வேண்டாம். எவர்சில்வர் உட்புறத்தில் அது புள்ளி புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். அதோடு, இன்று நீங்கள் ஊற்றிய பிளீச்சின் மிச்சம் குழியில் இருக்கும்போது, நாளை உங்கள் மருமகள் விவரம் தெரியாமல் சிட்ரிக் ஆசிட் போடலாம். டிஷ்வாஷருக்குள் பிளீச் கிடையாது என்று வீட்டில் ஒரு சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வருகிறவரிடமும் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள். எப்போதாவது கண் எரிந்து, தொண்டை கமறினால், உடனே எல்லோரும் வெளியேறி ஜன்னல் கதவுகளைத் திறந்து காற்று வர விடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. டிஷ்வாஷர் மாத்திரைகள் மிட்டாய் போலவே இருக்கும். கடுமையான காரம், வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். உயரமான அலமாரியில் வையுங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் தண்ணீரால் கழுவி, மாத்திரைப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாக்கடை நாற்றம் என்றால்

நான்காவது வகைக்கு வருவோம். நம் வளாகத்தில் பல வீடுகளில் டிஷ்வாஷர் சர்வீஸ் பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழிவு ஹோஸை அப்படியே தரையிலுள்ள நஹானி டிராப்புக்குள் செருகிவிட்டுப் போயிருப்பார்கள். சில வீடுகளில் சிங்க் அடிக்குழாயில் சேர்த்திருப்பார்கள்.

இதற்கு ஒரு எளிய சோதனை. சிங்க்கை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். உடனே டிஷ்வாஷர் குழியைப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஏறினாலோ கலங்கினாலோ, சிங்க் தண்ணீர் திரும்பி வருகிறது. நீங்கள் எத்தனை முறை கழுவினாலும் சாம்பாரும் மோரும் கலந்த கழிவு மறுபடி உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

சரிசெய்வது கடினமில்லை. ஹோஸ் மெஷினிலிருந்து நேரே தரைக்கு இறங்கக் கூடாது. ஒருமுறை மேடையின் அடிப்பக்கம்வரை மேலே ஏறி, அங்கே கிளிப்பில் மாட்டி, பிறகு இறங்க வேண்டும். எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு கையேட்டிலும் அளவு போட்டிருக்கும். சிங்க் குழாயில் சேர்ப்பதானால், தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக்கு முன்னால், சிங்க் பக்கமாகச் சேர்க்க வேண்டும். நஹானி டிராப்பில் விடுவதானால் ஹோஸின் நுனி உள்ளே நிற்கும் தண்ணீரில் முங்கக் கூடாது. பிளம்பருக்கு இது கொஞ்ச நேர வேலை.

பிள்ளைகளைப் பார்க்க மூன்று மாதம், ஆறு மாதம் வெளிநாடு போகிறவர்கள் கவனியுங்கள். டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குத் தடுப்பு. வீடு பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும். போகும் முன் ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுப் போங்கள், தண்ணீர் வற்றுவது தாமதமாகும். டிஷ்வாஷரைக் காலியாக ஒருமுறை சூடாக ஓட்டி, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, குழியில் நிற்கும் தண்ணீரைத் துணியால் எடுத்து, தண்ணீர்க் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு கதவை இறுக்கிப் பூட்டாமல் சாத்தி வைத்தால் போதும். கரப்பான் பூச்சிப் பயமும் குறையும்.

நம் தண்ணீர், நம் உப்பு

மெஷினுக்குள் உப்பு போடச் சொல்வது பாத்திரத்துக்காக இல்லை. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் ரெசின் ஒன்று உள்ளே இருக்கிறது, அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கத்தான் உப்பு. சமையல் உப்பு வேண்டாம், அதில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. கல் உப்பில் மண்ணும் வேறு உப்புகளும் இருக்கும். டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்பதையே போடுங்கள். போடும்போது வெளியே சிந்தினால் துடைத்துவிட்டு உடனே ஒரு சுற்று ஓட்டுங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வர் அரிக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம். மெஷினில் நம் தண்ணீருக்கு ஏற்ப ஓர் எண்ணை வைக்க வேண்டும். பல மெஷின்களின் கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்ற கணக்கு இருக்கும். 17.8 மில்லிகிராம் ஒரு டிகிரி. அப்படியானால் 600 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய 34 டிகிரி. நம் தொட்டியில் போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் கலக்கின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரியையே நம்பி இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் சரியாக இருந்த எண் மே மாதத்தில் சரியாக இருக்காது. கண்ணாடி டம்ளர் வெளுத்துப்போனால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

தினசரிப் பழக்கம்

பாத்திரத்தை வைக்கும் முன் மிச்சத்தைக் குப்பைக்கூடையில் வழித்துப் போடுங்கள். கறிவேப்பிலை, மிளகாய், எலும்பு, புளிச்சக்கை எதுவும் உள்ளே போக வேண்டாம். அதற்காகக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டு வைக்க வேண்டியதில்லை, அப்புறம் மெஷின் எதற்கு? மாவுப் பாத்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு, அதை ஒரு அலசு அலசி வையுங்கள். இருவர் மட்டும் உள்ள வீட்டில் மெஷின் நிறைய இரண்டு நாள் ஆகும். அப்படியானால் முதல் நாள் இரவு அலசும் புரோகிராமை மட்டும் போடுங்கள். சில லிட்டர் தண்ணீர்தான், நாற்றம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. கழுவி முடிந்து கால்மணி நேரம் கழித்துக் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். உடனே திறந்தால் நீராவி மேல்மேடைப் பலகையைக் கெடுக்கும்.

ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ள ஒரு சுருக்கம்:

வாரம் இருமுறை: ஃபில்டர் கழுவுதல்.
வாரம் ஒருமுறை: கேஸ்கட், கதவின் அடி விளிம்பு துடைத்தல், ஒரு சூடான சுற்று.
மாதம் ஒருமுறை: பீய்ச்சும் கைகள், அடிக்குழி, பாத்திரமில்லாமல் சோப்புச் சுற்று.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை: சிட்ரிக் ஆசிட் சுற்று, கண்ணாடி வெளுத்தால் முன்னதாகவே.
எப்போதும் கூடாதது: பிளீச்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, காலாண்டுக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்து நோட்டீஸ் போர்டில் எழுதி வைக்க வேண்டும். லாரித் தண்ணீர் தொடங்கும் மாதத்தில் இன்னொரு முறை. டிஷ்வாஷருக்கு மட்டுமல்ல, கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது பயன்படும்.

இரண்டாவது, வருடாந்திரக் குழாய் சுத்தத்துக்குப் பிளம்பர் வரும்போது, விருப்பமுள்ள வீடுகளில் டிஷ்வாஷர் ஹோஸ் உயரத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டால் ஆளுக்கு ஒரு கட்டணம், சேர்ந்து கூப்பிட்டால் குறையும்.

மூன்றாவது, சமையலறை அடைப்புக்கு யாரும் ஆசிட் ஊற்றக் கூடாது என்று தீர்மானம் வேண்டும. குழாய் எல்லா மாடிக்கும் பொது. மேல்வீட்டில் ஊற்றிய ஆசிட்டும் கீழ்வீட்டில் ஊற்றிய பிளீச்சும் அதே குழாயில் சந்திக்கலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அந்த ஃபில்டரைத் திருகி வெளியே எடுத்துப் பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து எடுத்ததே இல்லை என்றால், உங்கள் நாற்றத்துக்கான வவுச்சர் அநேகமாக அங்கேதான் இருக்கும். குனிய முடியாதவர்கள், கழற்றத் தயங்குகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். சனிக்கிழமை காலையில் நானே டூத் பிரஷுடன் வருகிறேன். காபி கொடுத்தால் போதும்.